ஏற்காட்டில் எழுதி சேலத்தில் பாடும் இரண்டு பெண்கள்: சொந்தப் பாட்டை வைத்துப் பிழைக்க வழி உண்டா?

காப்பிப்பூ எழுதியது:

நானும் என் தோழியும் சேர்ந்து பாடுகிறோம். அவள் ஏற்காட்டுக்காரி, நான் சேலம் அம்மாப்பேட்டை. அவளுக்கு முதல் குரலும் கஞ்சிராவும். எனக்குக் கிதாரும் இரண்டாம் குரலும். பாட்டு இருவருமே எழுதுகிறோம். கீபோர்டு கிடையாது. பின்னணி இசையைப் பெட்டியிலிருந்து ஓடவிட்டு அதன்மேல் பாடுவதும் கிடையாது.

'நாட்டுப்புறப் பாட்டா?' என்று கேட்கிறவர்களிடம் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. மெட்டு இந்த மண்ணில் கேட்டு வளர்ந்தது, வரிகள் எங்களுடையவை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கிறவரைப் பற்றி ஒரு பாட்டு. காப்பிப் பழம் பறிக்கிறவர்களைப் பற்றி ஒன்று. கல்யாணத்துக்குப் பிறகு பாடுவதையே நிறுத்திவிட்ட எங்கள் வகுப்புத் தோழிகளைப் பற்றி இன்னொன்று.

கல்லூரி விழா, வாசகர் வட்டம், புத்தக வெளியீடு என்று கூப்பிடுகிறார்கள். கைதட்டல் வருகிறது, பணம் வருவதில்லை. மலைமேல் ஒரு விடுதியில் சனிக்கிழமை இரவு விருந்துக்குப் பாடினோம். சாப்பாடு போட்டார்கள், "உங்களுக்கு விளம்பரம்தானே" என்றார்கள். நிகழ்ச்சி முடிந்த நேரத்துக்குக் கீழே இறங்க பஸ் இல்லை, அவர்களும் வண்டி ஏற்பாடு செய்யவில்லை. தோழியின் சித்தப்பா தூக்கத்திலிருந்து எழுந்து வந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி என்னை வீட்டில் விட்டார். அந்த டீசல் செலவுதான் எங்கள் அன்றைய வருமானக் கணக்கு.

இப்போது ஓர் ஒலிப்பதிவுக் கூடம் எங்கள் பாட்டுகளை இலவசமாகப் பதிவு செய்து தருவதாகச் சொல்கிறது. வீட்டிலோ, சென்னைக்குப் போனால்தான் ஆகும், இல்லாவிட்டால் வேலையைப் பார் என்கிறார்கள். நான் தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. வேலையை விடலாமா என்று கேட்கவில்லை. விடாமலே இதை ஒரு தொழிலாக வளர்க்க முடியுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பந்தல்காரர் எழுதியது:

தங்கையே, கல்யாண மண்டப ஏற்பாடுதான் என் பிழைப்பு. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வரவேற்பு மேடையில் பெரிய ஆர்கெஸ்ட்ராவை ஏற்றி, பந்தியில் பக்கத்து இலைக்காரர் பேசுவது காதில் விழாதபடி செய்வதை இப்போது பல வீடுகள் விரும்புவதில்லை. ஒரு கிதார், இரண்டு குரல் போதும் என்கிறார்கள். ஆனால் அவர்களும் தெரிந்த பாட்டைத்தான் கேட்பார்கள். இரண்டரை மணி நேரம். பதினெட்டு சினிமாப் பாட்டு, இடையே உங்கள் பாட்டு மூன்று. சம்மதம் என்றால் தை மாதத்தில் ஒரு முகூர்த்தம் கைவசம் இருக்கிறது. முன்பணம் பாதி, போக வர வண்டி என் பொறுப்பு.

விடுதிக்காரர்கள் சொல்லும் விளம்பரத்தைக் கடைக்காரரிடம் கொடுத்து அரிசி வாங்க முடியுமா? அடுத்த முறை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

குகைவாசி எழுதியது:

சேலத்தில் உட்கார்ந்துகொண்டு, பாட்டுக்குச் சென்னைதான் என்கிறார்கள்! 1935-இல் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் படக் கம்பெனியைத் தொடங்கியது எந்த ஊரில்? இதே ஏற்காடு சாலையில். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வெளிவந்தன. கண்ணதாசனும் கருணாநிதியும் எழுத வந்த இடம். அன்றைக்குப் பாட்டுக்காரர்கள் சென்னையிலிருந்து ரயிலேறிச் சேலத்துக்கு வந்தார்கள். இப்போது மிஞ்சியிருப்பது முகப்பு வளைவு ஒன்றுதான். இந்தப் பெண்ணின் தோழி மலையிறங்கும்போது அதைக் கடந்துதான் வருவாள். சினிமாவே இங்கிருந்து நடந்திருக்கிறது, இரண்டு பேரும் ஒரு கிதாரும் நடக்க முடியாதா?

இரண்டு பெண்கள் இணைந்து பாடுவதும் நமக்குப் புதிதல்ல. சூலமங்கலம் சகோதரிகள், ராதா ஜெயலட்சுமி, பம்பாய் சகோதரிகள் என்று சபைகளை ஆண்ட இணைகள் உண்டு. ஆனால் பெரும்பாலும் அவர்கள் பாடியது முன்னோர் இயற்றியதை. தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டு, தாங்களே பாடி அதையே பிழைப்பாக்கிக்கொண்ட பெண் இணை நம் பக்கத்தில் அபூர்வம். அதனால் யாரைப் பார்த்து நடப்பது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். வாசகர் வட்டத்தில் நீங்கள் பாடியபோது கடைசி வரிசையில் இருந்தேன். புன்னாகவராளி ராகச் சாயலில் போகும் பாட்டுக்குக் கிதாரில் முழுக் கார்டு, அதாவது பல சுரங்களை ஒன்றாகச் சேர்த்துப் போட்டு அழுத்துகிறீர்கள். கார்டுக்குள் இருக்கும் காந்தாரம், அந்த 'க' சுரம், ஆணி அடித்ததுபோல நிற்கிறது. உங்கள் தோழியின் காந்தாரம் அசைகிறது. இரண்டும் முட்டிக்கொள்வது காதுக்குத் தெரிகிறது. காந்தாரத்தை விட்டுவிட்டு ச-ப இரண்டு சுரங்களை மட்டும் மீட்டிப் பாருங்கள். அவள் குரலுக்கு இடம் கிடைக்கும்.

கறுப்புக்கோட்டு எழுதியது:

எல்லோரும் மேடையைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு அந்த 'இலவசப் பதிவு'தான் உறுத்துகிறது.

ஒரு பாட்டு சட்டத்தின் பார்வையில் ஒரே பொருள் அல்ல. வரிகள் இலக்கியப் படைப்பு. மெட்டு இசைப் படைப்பு. பதிவான ஒலி தனி. பாடியவருக்கு உரிய நிகழ்த்துநர் உரிமை அதற்கும் தனி. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவின் உரிமையைத் தயாரிப்பாளருக்குத் தருகிறது. முன்கை எடுத்துப் பொறுப்பேற்றுப் பதிவு செய்தவர்தான் தயாரிப்பாளர். நீங்கள் வாடகை கொடுத்துக் கூடத்தைப் பயன்படுத்தினால் அது நீங்கள். அவர்கள் தங்கள் செலவில் முன்னின்று செய்தால் அவர்கள். பாட்டு உங்களுடையதாகவே இருக்கும். பதிவு மட்டும் அடுத்தவர் அலமாரியில் இருக்கும். நாளைக்கு அதை எங்கே ஏற்றவும் அவர்கள் தயவு வேண்டும்.

ஒப்பந்தம் நீட்டினால் 'அனைத்து உரிமைகளும்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே காலத்தையும் எல்லையையும் தாராளமாக எழுதி நிரப்ப அவர்கள் அவசரப்படுவார்கள். 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் உங்களுக்கு ஒரு பிடி கொடுத்திருக்கிறது: ஒலிப்பதிவில் சேர்ந்த வரிக்கும் மெட்டுக்கும் உரியவர்கள் ராயல்டியில் சமபங்கு கேட்கலாம், அதை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் அந்த எழுத்து செல்லாது. பங்கை வசூலித்துத் தர இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி 1969-இலிருந்து இருக்கிறது. பாட்டெழுதுகிறவரும் மெட்டமைக்கிறவரும் உறுப்பினராகலாம்.

பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்துகொள்வது கட்டாயம் இல்லை. ஆனாலும் வரிக்கோ மெட்டுக்கோ 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய்தான் கட்டணம். வழக்கு என்று வந்தால் அந்தச் சான்றிதழ் பேசும்.

கடைசியாக ஒன்று. நீங்கள் இருவரும் உங்களுக்குள் ஏதாவது எழுதி வைத்திருக்கிறீர்களா? தோழிகள்தானே என்று சிரிக்க வேண்டாம். என்னிடம் வரும் பங்காளி வழக்குகளில் பாதி, 'நமக்குள் எதற்குப் பத்திரம்' என்று தொடங்கியவை.

ஒலிபெருக்கி எழுதியது:

சட்டம் பேசி முடிந்ததா? இருபது ஆண்டுகளுக்கு மேலாக மைக் செட் கட்டுகிறவன் நான், என் பங்குக்கு.

மண்டபங்களில் இருக்கும் ஒலியமைப்பு பேச்சுக்கு ஆனது. கிதாரின் துளைக்கு நேரே மைக்கை வைத்தால் ஊளையிடும். கிதாரின் வயிற்றுக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஒலிபெருக்கியில் வரும் அதே ஒலி திரும்ப அதற்குள்ளேயே போய்ச் சுற்றும். மைக்கைக் கிதார் கழுத்தின் 12-ஆவது ஃபிரெட்டுக்கு (குறுக்குக் கம்பிக்கு) நேராக, ஒரு சாண் தள்ளி வையுங்கள். மிக்ஸரில் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, குறையுங்கள். கிதாருக்குள்ளேயே ஒலி பிடிக்கும் பிக்கப் இருந்தால், அதை மிக்ஸரோடு இணைக்கும் டி.ஐ. பெட்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், மண்டபத்தில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். குரல் மைக்கும் சொந்தமாக இரண்டு. பிறர் எச்சில் பட்ட மைக்கில் பாட வேண்டியதும் இருக்காது.

ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். முதல் ஃபிரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு ஜி கார்டு வடிவத்தில் வாசித்தால் திறந்த தந்திகள் கிடைக்கும், பெரியவர் கேட்ட ச-ப மீட்டலும் வரும்.

மலைக்கும் ஊருக்கும் ஒரே கிதாரைத் தூக்கிக்கொண்டு அலைவதுதான் பெரிய தொல்லை. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். ஐப்பசி மூடுபனியில் மேற்பலகை ஈரம் குடித்து உப்பும், தந்திகள் எழும்பும், அழுத்தினால் விரல் நோகும். அதே கிதார் பங்குனி, சித்திரையில் சேலம் வெயிலுக்கு இறங்கினால் மரம் சுருங்கும். ஃபிரெட் கம்பிகளின் முனைகள் கழுத்தோரத்தில் துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் கீறும். பெட்டிக்குள் சிறு ஈரப்பதமானி ஒன்று வைத்து 45-க்கும் 55 சதவீதத்துக்கும் இடையே நிற்கிறதா என்று பாருங்கள். கஞ்சிராவுக்கு நேர்மாறு. கீழே தண்ணீர் தடவித் தோலின் சுருதியை இறக்குகிறார்கள். மேலே பனியே அந்த வேலையைச் செய்துவிடும், சூடு காட்டித்தான் ஏற்ற வேண்டும். உடும்புத் தோல் கஞ்சிராவாக இருந்தால் ஆட்டுத் தோலுக்கோ செயற்கைத் தோலுக்கோ மாறிவிடுங்கள். உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. விடுதி மேடையில் யாராவது படம் எடுத்துப் போட்டால் வம்பு.

காப்பிப்பூ எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குகைவாசி ஐயா, ச-ப மட்டும் வைத்துப் பாடிப் பார்த்தோம். தோழி சிரித்துவிட்டாள்: "இத்தனை நாளாக உன்னோடு சண்டை போட்டுக்கொண்டு பாடியிருக்கிறேன்." கூடத்துக்காரரிடம் ஒப்பந்த நகல் கேட்டோம். நமக்குள் நம்பிக்கைதானே, பத்திரம் எதற்கு என்றார். அவரை விட்டுவிட்டோம்.

இனி வேறொரு சிக்கல். காப்பித் தோட்டப் பாட்டில் எங்கள் வரிகள் இவை:

குளிர் இறங்கும் வளைவு தோறும்
கூடை இறங்காத தோள்;
எடை போடும் தராசுக்கோ
எப்போதும் ஒருபக்கம் சாய்வு.

இதன் பிறகு வரும் இழுப்பு, அந்த நீண்ட 'ஏலே', அதுதான் கேட்கிறவர்கள் மனத்தில் நிற்கிறது. அது எங்களுடையதல்ல. தோழி சிறுமியாக இருந்தபோது தோட்டத்தில் ஒரு பாட்டி பாடக் கேட்டது. அந்தப் பாட்டி இப்போதும் இருக்கிறார். மரபுப் பாட்டுக்கு உரிமையாளர் இல்லை என்று சொல்கிறார்கள். அப்படியானால் 'பாடல், இசை: நாங்கள்' என்று போட்டுக்கொள்ளலாமா?

நாகலூர்க்காரி எழுதியது:

நான் அந்த மலையில் பிறந்த பழங்குடிப் பெண். செவிலியர் வேலைக்காகக் கீழே வந்தவள். நீங்கள் கேட்டது நல்லது, பலர் கேட்பதே இல்லை. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மேலே வருகிறவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்து எங்கள் பாட்டிகள் பாடுவதை எடுத்துக்கொண்டு போகிறார்கள். பிறகு அது எங்கேயோ 'பழங்குடிப் பாடல்' என்ற தலைப்பில் வருகிறது. பாடியவருக்குப் பெயர் இல்லை. எந்தக் கிராமம் என்று இல்லை. எடுத்தவர் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது.

உரிமையாளர் இல்லை என்று சொல்வது யாருக்கு வசதி என்று யோசியுங்கள். அந்தப் பாட்டியிடம் போய்க் கேட்டீர்களா? கேட்காமல் இங்கே வந்து கேட்கிறீர்களே. அவர் வேண்டாம் என்றால் விட்டுவிட முடியுமா உங்களால்? முடியும் என்றால் போய்க் கேளுங்கள். முடியாது என்றால் கேட்பதே நாடகம்.

குகைவாசி எழுதியது:

அம்மா, கோபம் நியாயம். ஆனால் பாட்டு என்பது வேலி போட்ட நிலம் அல்ல. சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்து நட்டது காக்பர்ன் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர், 1820-களில். ஆகவே காப்பிப் பாட்டு எதுவும் இருநூறு வயதை வெகுவாகத் தாண்டியிருக்க முடியாது. அதற்கு முன் சாமைக்கும் கேழ்வரகுக்கும் களையெடுக்கும்போது பாடிய மெட்டுதான் காப்பிக் கூடைக்கு மாறியிருக்க வேண்டும். மாற்றியவள் யாரைக் கேட்டாள்? வாங்கியும் கொடுத்தும்தான் பாட்டு உயிரோடு இருக்கிறது. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் கணவரோடு ஊர் ஊராகப் போய்ச் சேகரிக்காமல் இருந்திருந்தால் ஆயிரக்கணக்கான பாட்டுகள் பாடியவர்களோடே போயிருக்கும். அந்த உழைப்புக்குத்தான் 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நாகலூர்க்காரி எழுதியது:

சேகரித்து, இன்னாரிடம் கேட்டது என்று சொல்லிப் பாடுவது வேறு. 'இசை: நாங்கள்' என்று போடுவது வேறு. களையெடுத்துக்கொண்டே பக்கத்து வரிசைக்காரியிடம் மெட்டு வாங்கியவளுக்கு ராயல்டி வரவில்லை ஐயா. கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடினார், படத்திலும் பாடினார். அவர் ஊரும் பெயரும் பாட்டோடு சேர்ந்தே வந்தன. எங்கள் பாட்டிகளுக்கு மட்டும் ஏன் அது கூடாது?

கறுப்புக்கோட்டு எழுதியது:

இருவரும் சொல்வதில் சட்டம் எங்கே நிற்கிறது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பதிப்புரிமைக்கு ஒரு படைப்பாளர் வேண்டும். தலைமுறைகளாக வாய்வழி வந்த மெட்டுக்கு இன்னார் என்று சொல்ல முடியாததால் எவரும் அதைத் தனதென்று கோர முடியாது. அந்த 'எவரும்' என்பதில் நீங்களும் அடக்கம். புதிய வரிகளும் நீங்கள் செய்த இசைக்கோப்பும் உங்களுடையவை, அந்த இழுப்பு அல்ல. ஆகவே 'மரபு மெட்டைத் தழுவியது' என்று போடுவதுதான் சரி. அந்த அம்மாளின் குரலை நீங்கள் பதிவு செய்து பாட்டில் சேர்ப்பதாக இருந்தால் நிலைமையே வேறு. அது அவருடைய நிகழ்த்துநர் உரிமை, 50 ஆண்டு நிற்கும். அனுமதி வாங்க வேண்டும், பெயரும் போட வேண்டும்.

போய்க் கேளுங்கள் என்று நாகலூர்ச் சகோதரி சொன்னது சட்டத்துக்கு அப்பாற்பட்டது. நானும் அதையே சொல்வேன்.

கடல்கடந்தவள் எழுதியது:

சூரமங்கலத்தில் பிறந்து அட்லாண்டாவில் குடியிருப்பவள். இந்த ஊர்ப்பக்கத்து இணை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இண்டிகோ கேர்ள்ஸ்: ஏமி ரே, எமிலி சாலியர்ஸ். தொடக்கப் பள்ளியில் அறிமுகமானவர்கள், உயர்நிலைப் பள்ளியிலேயே சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். 1985-இல் இந்தப் பெயரை வைத்துக்கொண்டு இங்குள்ள சிறு மதுக்கூடங்களில் பாடினார்கள். முதல் இசைத்தட்டுகளைத் தாங்களே வெளியிட்டார்கள். 1988-இல்தான் எபிக் என்ற பெரிய நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. 1990-இல் கிராமி விருது.

கறுப்புக்கோட்டு ஐயா கேட்ட 'உங்களுக்குள் பத்திரம்' என்ற கேள்விக்கு அவர்களிடம் ஓர் விடை இருக்கிறது. பாட்டுகளைப் பெரும்பாலும் தனித்தனியாக எழுதுகிறார்கள். ஒருவர் எழுதி முடித்துக் கொண்டுவந்த பிறகு மற்றவர் அதற்கு இரண்டாம் குரலும் வாசிப்பும் சேர்க்கிறார். எழுதியவர் பெயர் அந்தந்தப் பாட்டோடு போகிறது. இருவர் குணமும் வேறு, பாட்டின் குணமும் வேறு. ஒருவர் பாட்டில் மற்றவரைத் தேட வேண்டியதில்லை. இன்றும் சேர்ந்தே பாடுகிறார்கள்.

உள்ளூர்க் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் வெளியூர் போனார்கள் என்பதையும் கவனியுங்கள். வீட்டில் சொல்வதற்கு உதவும்.

பட்டறைப்பையன் எழுதியது:

அக்கா, கொலுசுப் பாட்டை யாரோ படமெடுத்துப் போட்டதைப் பட்டறையில் ஓடவிட்டோம். என் முதலாளி இரண்டு தடவை கேட்டார். 'ஊதுகுழல்' என்று பாடுகிறீர்களே, இப்போது பல இடங்களில் கேஸ் துப்பாக்கிதான். அதை மட்டும் பாருங்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். எதற்கு மண்டபம், விடுதி? யூடியூபில் ஏற்றிவிட்டால் பணம் வராதா?

ஒலிபெருக்கி எழுதியது:

தம்பி, வரும். யூடியூபில் விளம்பரப் பங்கு வேண்டுமானால் 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். ஓராண்டில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது ஷார்ட்ஸ் என்ற குறுங்காணொளிகளுக்கு 90 நாளில் ஒரு கோடி பார்வை. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஒலிக்காவிட்டால் அதற்கு ராயல்டியே கிடையாது. ஏற்றத்தான் வேண்டும், கேட்டவர்கள் தேடி வர முகவரி வேண்டுமே. ஆனால் அதை நம்பி ஈ.எம்.ஐ. கட்ட முடியாது. மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், டிக்கெட் வைத்து ஐம்பது பேருக்குப் பாடுவது என் அனுபவத்தில் அதைவிட நிச்சயமான காசு. அஸ்தம்பட்டியிலோ செர்ரி ரோட்டிலோ மாடியில் காலியாகக் கிடக்கும் கூடத்தைத் தேடுங்கள். முதல் மாதம் நான் வந்து கட்டித் தருகிறேன், வாடகை மட்டும் கொடுங்கள். இலவசம் என்று சொல்ல மாட்டேன். மேலே ஒருவர் அந்தச் சொல்லின் யோக்கியதையைச் சொல்லிவிட்டார்.

குகைவாசி எழுதியது:

அரசு வழியையும் விட வேண்டாம். வானொலியின் நாட்டுப்புற இசைக் குரல் தேர்வுக்கு விண்ணப்பியுங்கள். கலைப் பண்பாட்டுத் துறை மாவட்டந்தோறும் தரும் விருதுகளில் 19 முதல் 35 வயதுக்காரர்களுக்குக் கலை வளர்மணி இருக்கிறது. காசு பெரிதல்ல. ஆனால் விடுதி மேலாளரிடம் கட்டணம் பேசும்போது அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும். நம் ஊரில் பெண் வாய் திறந்து கட்டணம் கேட்டால் 'கலைக்காகச் செய்யக்கூடாதா' என்பான். சான்றிதழைப் பார்த்தால் 'மேடம்' என்பான்.

காப்பிப்பூ எழுதியது:

பாட்டியைப் பார்க்கத் தோழி போய்வந்தாள். தோட்டத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் பாடிக் காட்டியிருக்கிறாள். பாட்டி முதலில் சொன்னது, இழுப்பைத் தப்பாகப் பாடுகிறாய் என்று. ஏறும்போது மூச்சு விடக்கூடாதாம். கூடையோடு மேட்டில் ஏறுகிறவள் மேலே போய்த்தான் மூச்சு விடுவாளாம். நான்கைந்து முறை பாட வைத்துத் திருத்தியிருக்கிறார்.

பெயர் போடலாமா என்று கேட்டதற்குப் போடு என்றார். பிறகு வரிகளை மறுபடி சொல்லச் சொன்னார். தராசு வரி வந்ததும் நிறுத்தினார். அவர் மகன் இன்னும் அதே தோட்டத்தில்தான் எடை போடும் இடத்தில் வேலை செய்கிறார். "அந்தத் தராசோடு என் பெயர் வந்தால் அவனுக்கு வேலை போகும். ஒன்று பெயரை எடு, இல்லை தராசை எடு."

பெயரை எடுத்துவிட்டு இழுப்பை வைத்துக்கொண்டால் நாகலூர்ச் சகோதரி சொன்ன அதே வேலையைத்தான் நாங்களும் செய்கிறோம். தராசை எடுத்தால் பாட்டில் மிச்சம் இருப்பது குளிரும் கூடையும்தான்; விடுதிக்காரர்களுக்குப் பிடிக்கும், எங்களுக்குப் பிடிக்காது. இரவெல்லாம் போனில் சண்டை. முடிவு இதுதான்: தராசு இருக்கட்டும், இழுப்பை எடுத்துவிடுகிறோம். அந்த இடத்துக்குத் தோழி வேறு மெட்டு போட்டுக்கொண்டிருக்கிறாள். பழையதைப் போல இல்லை.

பத்திரமும் எழுதிவிட்டோம், ஒரு பக்கம்தான். யார் எழுதிய பாட்டோ அவர் பெயரில். மேடை வருமானம் சரிபாதி, யார் விலகினாலும் மற்றவர் பாடத் தடையில்லை, ஆனால் பாட்டை விளம்பரங்களுக்குக் கொடுக்க இருவர் கையெழுத்தும் வேண்டும். முதல் மூன்று பாட்டுகளை எங்கள் செலவில் பதிகிறோம்.

குகைவாசி எழுதியது:

தப்பான முடிவு. பாட்டின் உயிரே அந்த இழுப்பு. வரியை மாற்ற நூறு வழி உண்டு. தராசை வெளிப்படையாகச் சொல்லாமல் சொல்லத் தெரியாதா? சொல்ல முடியாததைச் சொல்லத்தானே நாட்டுப்பாட்டில் விடுகதை இருக்கிறது.

நாகலூர்க்காரி எழுதியது:

வேலை போவது விடுகதை இல்லை ஐயா.

காப்பிப்பூ, அந்தப் பாட்டியின் முழுப் பாட்டையும், உங்கள் வரிகள் இல்லாமல், அவர் பாடியபடியே அவர் பெயரில் தனியாகப் பதிய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அதில் தராசு இருக்காது, பெயர் வந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. ஒப்புக்கொண்டால் நானும் வருகிறேன். கூடப் பாடுகிற பெண்கள் இரண்டு மூன்று பேர் வேண்டும். தனியாக அதைப் பாடுவது வழக்கமில்லை.

பந்தல்காரர் எழுதியது:

நீங்கள் எல்லோரும் பேசி முடிப்பதற்குள் மார்கழி வந்துவிடும். பெண் வீட்டார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பதினெட்டு சினிமாப் பாட்டு, உங்களுடையது மூன்று. கொலுசுப் பாட்டு பொருத்தம், அவர்கள் வெள்ளி வியாபாரிகள். தராசுப் பாட்டு மட்டும் வேண்டாம். மாப்பிள்ளை வீட்டுக்கு மலைமேல் மஞ்சக்குட்டைப் பக்கம் தோட்டம் இருக்கிறது.

காப்பிப்பூ எழுதியது:

அண்ணா, பதினைந்து சினிமாப் பாட்டு, எங்களுடையது ஐந்து. தராசு இல்லாமலே ஐந்து தேறும். பந்தியில் அதைப் பாடினால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு பாடுவதை நிறுத்திய தோழிகள் பாட்டு கட்டாயம் உண்டு, அதுவும் மணமேடைக்கு முன்னால் நின்று. கட்டணம் இருபதாயிரம், பாதி முன்பணம். இரவு பத்துக்குள் முடியும், வண்டி இருவர் வீட்டுக்கும். தோழியை மலைமேல் கொண்டுபோய் விட வேண்டும்.

பந்தல்காரர் எழுதியது:

மலைமேல் இரவு வண்டிக்குத் தனி வாடகை, அதைக் கட்டணத்தில் கழிக்க மாட்டேன், கவலை வேண்டாம். இருபது அதிகம், பதினெட்டு என்று பேசிப் பார்க்கிறேன். அந்தத் தோழிகள் பாட்டின் வரிகளை மட்டும் முன்கூட்டி அனுப்புங்கள். மாப்பிள்ளையின் அம்மாவிடம் நானே காட்டிக் கேட்டுக்கொள்கிறேன்.